‘ஜெபம்கூட வரமாட்டேன் என்கிறது, கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா?’

கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்கு வயது 43. கணவர் மலைப்பாதையில் வாடகை ஜீப் ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார், பேச்சு குழறுகிறது. ஜீப்பை விற்றுத்தான் வைத்தியம் பார்த்தார்கள். சகோதரி டவுனில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறார். சீசனில் படுக்கை விரிப்புகளைத் துவைப்பதும் அவர் தலையில்தான். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பார்வை மங்கிய மாமியாரும் கூடவே இருக்கிறார். கணவரின் அண்ணன் வத்தலக்குண்டில், தங்கை திண்டுக்கல்லில். கிறிஸ்மஸுக்கு வந்து போவதோடு சரி.

காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபம். அப்புறம் வெந்நீர், சமையல், கணவரைக் குளிப்பாட்டுவது, ஏழரை மணி பஸ். மாலை ஆறரைக்கு வீடு திரும்பினால் மறுபடி சமையல், பாத்திரம், கணவருக்குக் கைகால் பயிற்சி. படுக்கப் பதினொன்று ஆகிவிடும். இரவில் கணவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டும். புதன்கிழமை மாலை சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறார். வெள்ளிக்கிழமை உபவாசம்.

சீசன் முடிந்ததிலிருந்து உடம்பு எழும்ப மறுக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. முடி கொட்டுகிறது. பிறந்து வளர்ந்த ஊரின் குளிரே தாங்கவில்லை. மாதவிடாய் பத்து நாள் வரை நீள்கிறது. சின்ன விஷயத்துக்கும் அழுகை வருகிறது. ஒருநாள் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டபோது, ‘செத்துத் தொலைந்தால் என்ன’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. போதகரம்மாவிடம் போய்ச் சொன்னதற்கு, ‘விசுவாசம் குறைஞ்சா பெலன் குறையும், 21 நாள் உபவாசம் எடுங்க’ என்று பதில் வந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “ராத்திரி பாத்திரம் கழுவும்போது பரமண்டல ஜெபம் சொல்லிப் பார்த்தேன். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஐந்து வயதிலிருந்து சொல்கிற ஜெபம். குழாயை மூடாமல் நின்றுகொண்டே இருந்தேன். சில நாள், இப்படியே தூங்கி எழுந்திருக்காமல் போனால் நல்லது என்று இருக்கிறது. கர்த்தர் என்னைக் கைவிட்டுவிட்டாரா? மகளைக் கல்லூரிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? இல்லை, நான் வேலையை விட்டுவிடலாமா?”

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ‘எழுந்திருக்காமல் போனால் நல்லது’ என்ற வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த ஒரு வரி

களைத்துப்போன பலர் இதே வார்த்தைகளை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்பதைவிட, இந்த ஓட்டம் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்ற ஏக்கம்தான் அதில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் உங்களுக்கும் அப்படித்தான் என்று கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு நான் முடிவு செய்துவிடக் கூடாது. அதனால் நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி என்றுகூட யோசித்ததுண்டா? ஆம் என்றால் இதை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி இருக்கிறது. காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அதை வேறு யார் பொறுப்பிலாவது விட்டுவிடுங்கள். கணவரின் மாத்திரைகளில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வீட்டில் வையுங்கள். எண்ணம் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும் அந்த எண்ணை சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இப்படி நினைத்ததே பாவம் என்று பயந்துபோயிருக்கிறீர்கள். தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர் அவர். அப்படிப்பட்டவர், தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, ‘போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். பாத்திரம் கழுவும் இடத்தில் உங்கள் மனதில் ஓடியதும் ஏறக்குறைய இதுதான்.

அதற்குக் கர்த்தர் என்ன செய்தார் என்பதை மெதுவாக வாசியுங்கள். கண்டிக்கவில்லை. உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. முதலில் தூங்கவிட்டார். பிறகு ஒரு தூதன் வந்து தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோது தூதன் சொன்னது, எழுந்து சாப்பிடு, நீ போகவேண்டிய தூரம் அதிகம் என்பதுதான். நாற்பது நாள் நடை அதற்குப் பிறகு. கர்த்தரோடு பேசியது அதற்கும் பிறகு. இரண்டு தூக்கமும் இரண்டு சாப்பாடும் முடியும்வரை ஊழியத்தைப் பற்றி அங்கே பேச்சே எழவில்லை. ஒன்று இராஜாக்கள் பத்தொன்பதாம் அதிகாரம். சோர்ந்துபோன ஒருவருக்கு முதலில் என்ன செய்வது என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன்.

ரத்தம் பார்க்காமல் விசுவாசத்தை எடைபோட வேண்டாம்

போதகரம்மா உங்கள்மேல் உள்ள அன்பில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த ஆலோசனை உங்களுக்கு இப்போது ஆகாது. நீங்கள் எழுதியிருப்பதை ஒரு மருத்துவர் வாசித்தால் அவர் மனதில் முதலில் வருவது ரத்தசோகையும் தைராய்டும். படியேறினால் மூச்சு, முடி உதிர்தல், குளிர் தாங்காமை, நீண்ட மாதவிடாய், தீராத அசதி. இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தால் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்ப்பார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டு பரிசோதனை வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எந்த அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். பத்து நாள் ரத்தப்போக்கைக் கட்டாயம் சொல்லுங்கள். நம் பெண்கள் அதை மட்டும் சொல்லாமல் வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, நம் மலைப்பக்கத்துப் பழக்கம். குளிருக்கு இதமாக இட்லியோடும் டீ, சாப்பாடு முடிந்த கையோடும் டீ. சோற்றிலும் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் டீ தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் அதை டீயோடு விழுங்காதீர்கள். எலுமிச்சைச் சாறு, கொய்யா, நெல்லிக்காய் கூட இருந்தால் சத்து நன்றாகச் சேரும்.

தூக்கத்தைக் கணக்குப் போட்டேன். பதினொன்றிலிருந்து நான்கு வரை ஐந்து மணி நேரம், அதிலும் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறீர்கள். உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும். இரண்டு வருடமாக இப்படித் தூங்கினால் யாருக்கும் அழுகை வரும், யாருக்கும் கோபம் வரும், மனப்பாடமான ஜெபமும் பாதியில் நிற்கும். நினைவாற்றலுக்குத் தூக்கம்தான் ஆதாரம். அதனால் அந்த ஜெபம் மறந்துபோனதைக் கர்த்தர் முகம் திருப்பிக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதோடு மனச்சோர்வு என்ற நோயும் சேர்ந்திருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் நாட்டமில்லாமை, தன்னைக் குற்றவாளியாகவே பார்ப்பது, சாவைப் பற்றிய நினைப்பு. இவை இருந்தால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பேசிப் பேசியே பலருக்குச் சரியாகிறது. சிலருக்கு மாத்திரை தேவைப்படும். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நடுவில் நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரை எடுத்தால் விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால், பவுலோடு கூடவே பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன் என்பதை நினைவில் வையுங்கள்.

உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள், வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 21 நாள் உபவாசம் வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க நின்று ஈரத்துணி தூக்குகிற, ரத்தம் குறைந்திருக்கக்கூடிய உடம்பைப் பட்டினி போடுவது ஆபத்து. காலை ஜெபத்துக்காக நான்கு மணிக்கு எழுவதையும் விடுங்கள். அதிகாலையில் எழுந்து, நேரம் கழித்துப் படுத்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா, கர்த்தர் தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்கிறது 127-ஆம் சங்கீதம். அந்த வசனத்தை உங்களுக்காகவே எழுதியதுபோல எடுத்துக்கொண்டு ஐந்து மணி வரை படுத்திருங்கள்.

‘எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’

உங்கள் வீட்டு காலண்டரில் இந்த வசனம் இருப்பதாகவும், அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

பவுல் அதை எழுதியது காவலில் இருந்தபோது. பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். அதற்கு நன்றி சொல்லும் இடத்தில்தான் இந்த வசனம் வருகிறது. குறைவிலும் நிறைவிலும் இருக்கப் பழகியிருக்கிறேன், கிறிஸ்து எனக்குப் பெலன் தருகிறார் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, ஆனாலும் என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடு பங்கெடுத்தது நல்லது என்கிறார். காலண்டர்காரர்கள் அந்த அடுத்த வசனத்தை அச்சடிப்பதில்லை. எனக்குப் பெலனுண்டு என்று எழுதிய கை, பிறர் அனுப்பியதை வாங்கிக்கொண்ட கையும்தான். ‘எல்லா வேலையையும் நான் ஒருத்தியே செய்வேன்’ என்ற அர்த்தத்தை அந்த வசனத்தில் ஏற்றியது பவுல் அல்ல. நாமாக ஏற்றிக்கொண்டது.

அந்த எப்பாப்பிரோதீத்துவையும் பாருங்கள். பவுலுக்குச் செய்த ஊழியத்திலேயே சாகும் நிலைக்கு வந்துவிட்டார். பவுல் அவரைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன், சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனப்படுத்துங்கள் என்று எழுதினார். உங்களைப் பற்றியும் சபை இப்படித்தான் பேச வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். படுக்கையில் கிடந்த என் பாட்டியை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவர். சபையில் எல்லோரும் அவரை ‘பெலசாலி’ என்பார்கள். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறைத் தரையில் அம்மா முழங்காலில் இருந்தார், நெற்றி அரிசிப் பானையில் சாய்ந்திருந்தது. ஜெபிக்கிறார் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பல வருடம் கழித்து அவரே சொன்னார், அன்றைக்கு அவர் ஜெபிக்கவில்லை, நிற்க முடியாமல் விழுந்து, எழுந்திருக்கவும் முடியாமல் அப்படியே இருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. பெலசாலி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை. உங்களையும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது.

நீங்கள் வேலை செய்யும் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஊராக ஆனதே களைத்துப்போன விசுவாசிகளால்தான். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களில் பலரைப் பறிகொடுத்தார்கள். சமவெளியில் தொடர்ந்து இருந்தால் பிழைக்க மாட்டோம் என்று கண்டுகொண்டு 1845-இல் இந்த மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டி, வெயில் காலத்தில் வந்து ஓய்வெடுத்தார்கள். ஊழியத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள், ஓய்வு எடுப்பதை விசுவாசக் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் அவர்கள் எப்படி மேலே வந்தார்கள்? மோட்டார் வண்டி இந்த மலைக்கு ஏற இன்னும் 70 ஆண்டுகள் இருந்தன. டோலியில் உட்காரவைத்து ஆட்கள் தோளில் சுமந்து வந்தார்கள். அந்த டோலிக்காரர்கள் எங்கே இளைப்பாறினார்கள் என்று யாரும் எழுதிவைத்ததாக நான் பார்த்ததில்லை. சகோதரி, நீங்கள் அவர்கள் வரிசையில் நிற்கிறவர். ஊரெல்லாம் இளைப்பாற வருகிறது, நீங்கள் அவர்களுடைய விரிப்புகளைத் துவைக்கிறீர்கள். ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள்’ என்று இயேசு கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? டோலியில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் என்று நான் நம்பவில்லை. சுமக்கிறவர்களே என்றுதான் வசனத்தில் இருக்கிறது.

வீட்டில் என்ன மாற்றலாம்

இரவிலிருந்து தொடங்கலாம். மெடிக்கல் கடையில் ஆண்களுக்கான யூரின் பாட்டில் கிடைக்கும், விலை அதிகமில்லை. அதைக் கட்டிலுக்கு இடது பக்கம், அவருடைய நல்ல கைக்கு எட்டும்படி வையுங்கள். முதல் சில நாள் சங்கடப்படுவார், பழகிவிடும். சாயங்காலத்துக்கு மேல் டீயைக் குறைத்தால் ராத்திரி எழுந்திருப்பதும் குறையும். தண்ணீரைக் குறைப்பதென்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அவர் தட்டைத் தள்ளியது பற்றி. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சிலருக்கு மூளையில் ஏற்பட்ட பாதிப்பாலேயே அழுகையும் கோபமும் கட்டுக்குள் நிற்பதில்லை. இதற்கு மருந்து உண்டு, அடுத்த முறை அவருடைய மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன வார்த்தைக்காக அவரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், உங்களுக்கே நெஞ்சு லேசாகும். அதற்கு மேல் அதைச் சுமக்க வேண்டாம். ஜீப் ஓட்டிய மனிதர் அடுத்தவர் கையால் சாப்பிடுகிறார், அந்த வேதனை அவருக்கும் இருக்கிறது. அதற்காக உங்கள் வேதனை சின்னதாகிவிடாது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள், ரத்த அழுத்த மாத்திரையும் தருகிறார்கள். 2021-லிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வரவில்லையென்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுங்கள். கணவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தீர்களா என்று எழுதவில்லை. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தால் சில உதவிகளுக்கு வழி திறக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் திண்டுக்கல்லில் இருக்கிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம், மைத்துனர் போய் வரட்டும்.

இனி கணவரின் அண்ணன், தங்கை விஷயம். ‘அவங்களா புரிஞ்சுக்கணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நீங்கள் தவறு செய்கிறீர்கள் என்று அன்போடு சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வரும்போது நீங்கள் சிரித்த முகத்தோடு கறிக்குழம்பு வைத்துப் பரிமாறுகிறீர்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். எலியாவும் நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்றுதான் சொன்னார். கர்த்தரோ ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார், கூடவே வேலையைப் பங்குபோட எலிசாவையும் கொடுத்தார்.

அதனால் போனில் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். ‘மச்சான், எனக்கு உடம்புக்கு முடியலை, டாக்டரைப் பார்க்கணும். உங்க தம்பியைப் பத்து நாள் உங்க வீட்டில வச்சுப் பார்த்துக்கணும். எந்தத் தேதியில வந்து கூட்டிட்டுப் போறீங்க?’ இவ்வளவு போதும். கஷ்டமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொன்னால் ‘ஜெபிக்கிறோம்’ என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பத்து நாள் போதும் என்பது என் அபிப்பிராயம். இடம் மாறினால் மாத்திரை தவறும், பயிற்சி நின்றுபோகும். எந்த மாத்திரை எப்போது என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பயணத்துக்கு முன் மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

மாமியார் முழுக்க உங்கள் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பெற்ற பிள்ளைகள் என்று சொல்லும்போது மகனோடு மகளையும் சேர்த்தே சொல்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. இதை வைத்து வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. திண்டுக்கல் நாத்தனாரிடம், ‘அம்மாவை ரெண்டு மாசம் வச்சுக்கோங்க’ என்று கேட்கும்போது குரல் தாழ வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மாமியாருக்கும் அதில் விருப்பமா என்று முதலில் கேளுங்கள்.

மகளும் வேலையும்

மகள் படிப்பை நிறுத்த வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஒரு வருடம் என்று நிறுத்துவது பெரும்பாலும் ஒரு வருடத்தோடு முடிவதில்லை. உங்கள் சோர்வு அப்படியே அவள் தோளுக்கு மாறும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வழி செய்வார்கள். வீட்டில் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், இரவுப் பாத்திரம். அதற்கு மேல் வேண்டாம்.

வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். சம்பளம் ஒன்றுதான், அதுவும் போனால் கவலை இரண்டு மடங்காகும். ஆனால் வாரத்தில் ஒருநாள் விடுமுறை கேளுங்கள், அது உங்கள் உரிமை. சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பாருங்கள். பிடித்தால், போதிய நாட்கள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வந்து, பத்து நாள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வேலையைப் பற்றி மறுபடி பேசலாம்.

கடைசியாக, உங்கள் முதல் கேள்வி. கர்த்தர் கைவிட்டுவிட்டாரா என்று கேட்டீர்கள். இல்லை என்று நான் நம்புகிறேன். நீங்கள் அந்த ஜெபத்தில் எங்கே நின்றுபோனீர்கள் என்று மறுபடியும் பாருங்கள். ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.’ இந்த நாளுக்கு மட்டும்தான் அதில் கேட்கிறோம். மகளின் கல்யாணமோ அடுத்த சீசனோ அதில் இல்லை. ‘எனக்கு’ என்றும் இல்லை, ‘எங்களுக்கு’ என்று இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு அந்த ஒரு வரி போதும். காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு தடவை. மீதி வரிகளை உங்களுக்காகச் சபையில் மற்றவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒன்றுமே சொல்ல வரவில்லை என்றால் சும்மா இருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுகிறார் என்பதை நீங்களே பல புதன்கிழமைகளில் மற்றப் பெண்களுக்குச் சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தை நான்கு வாரத்துக்கு வேறொரு சகோதரி நடத்தட்டும். போதகரம்மாவிடம் இதை வாசித்துக் காட்டியே கேட்கலாம், அவர் புரிந்துகொள்வார் என்றே நினைக்கிறேன். நீங்கள் போவதை நிறுத்த வேண்டாம். பின்னால் சுவரோரமாக, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பாடுகிறவர்கள் பாடட்டும். நடுவில் தூக்கம் வந்தால் தூங்குங்கள், எழுப்ப வேண்டாம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவையுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.